பெங்களூருப் பூங்காக்கள்: புதுப்பிப்பதும் பேணுவதும்

நகர வளர்ச்சி என்றவுடன் சாலை, குடிநீர், கழிவுநீர் வடிகால், வீட்டு வசதி ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் நிறைவேறிய பின்னர், எஞ்சிய பணத்தில் செய்துகொள்ளும் அலங்காரமே பூங்கா என்ற எண்ணம் நம்மிடையே நீண்ட காலமாக நிலவி வருகிறது. ஆயினும், இலட்சக்கணக்கான மக்கள் நெருக்கமாக வாழும் ஒரு மாநகரில் முதியோர் நடப்பதற்கும், குழந்தைகள் ஓடி விளையாடுவதற்கும், உழைத்துக் களைத்தவர் நிழலில் சற்றே அமர்வதற்கும், மழைநீர் மண்ணில் இறங்குவதற்கும் எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் பூங்கா ஒன்றே. ஆதலால் பூங்காவையும் குடிநீரைப் போன்ற ஓர் அடிப்படை வசதியாகக் கருதுவதே பொருத்தமாகும்.

நமது அரசியலமைப்புச் சட்டமும் இவ்வாறே கருதுகிறது. 1993-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணை, நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் போன்ற வசதிகளை அளிப்பதும் அவற்றுள் ஒன்று. பணி ஒப்படைக்கப்பட்டது, அதற்குரிய பணமும் அதிகாரமும் அதே அளவில் ஒப்படைக்கப்பட்டனவா என்பதே கேள்வி. ‘பூங்கா நகரம்’ என்று பெயர் பெற்ற பெங்களூருவின் அனுபவம் இக்கேள்விக்கு விடை காண உதவும்.

இரு பெரும் பூங்காக்களும் ஆயிரம் சிறு பூங்காக்களும்

பெங்களூருவின் புகழுக்குக் காரணமானவை இரண்டு பெரும் பூங்காக்கள். லால்பாக் 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலியால் தொடங்கப்பட்டு, திப்பு சுல்தானால் வளர்க்கப்பட்டு, 1856-இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். அங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கப்பன் பூங்கா 1870-இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கியின் முயற்சியால் அமைந்தது. 1927-இல் அதற்கு ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயரிடப்பட்ட போதிலும், பழைய பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

இவ்விரண்டையும் நிருவகிப்பது மாநில அரசின் தோட்டக்கலைத் துறையாகும். இவற்றுக்கென்று தனி அலுவலர்களும், தேர்ந்த தோட்டப் பணியாளர்களும், ஆண்டுதோறும் அரசு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடும் உண்டு. லால்பாக்கிற்கு நுழைவுக் கட்டணமும் வருகிறது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் மலர்க் கண்காட்சியும் வருவாய் ஈட்டித் தருகிறது.

நகரத்தின் குடியிருப்புப் பகுதிகளில் பரவிக் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பூங்காக்களின் நிலை வேறு. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் பரப்பே உள்ள இவற்றுக்குக் கட்டண வருவாய் இல்லை, இருத்தலும் ஆகாது. இவை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. ஒரு குடும்பம் அன்றாடம் பயன்படுத்துவது லால்பாக்கை அன்று. நடந்தே சென்றுவரக்கூடிய தெருக்கோடிப் பூங்காவையே. நகரப் பூங்காக்களின் புனரமைப்பு என்னும் சிக்கலின் பெரும்பகுதி இச்சிறு பூங்காக்களிலேயே அடங்கியிருக்கிறது.

நிலத்தைக் காத்தல்

பூங்காவுக்கு முதல் தேவை நிலம். பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணையம் அமைக்கும் மனைப்பிரிவின் மொத்தப் பரப்பில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். 1975-ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் கப்பன் பூங்கா, லால்பாக் போன்றவற்றைக் காக்க வந்தது. 1985-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் நகர்ப்புறப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றை வேறு பயனுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

ஏட்டில் இருக்கும் சட்டம் களத்தில் காப்பதற்குக் குடிமக்களின் விழிப்புணர்வு தேவைப்பட்டது. இதற்குச் சிறந்த சான்று இந்நகரிலேயே எழுந்த ஒரு வழக்கு. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஓர் இடம், மருத்துவமனை கட்டுவதற்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு வழங்கப்பட்டது. அப்பகுதி மக்கள் நீதிமன்றம் சென்றனர். மருத்துவமனையும் பொதுநலன் சார்ந்ததே என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வளர்ச்சித் திட்டத்தில் பூங்காவுக்கென விடப்பட்ட இடத்தை இவ்வாறு தனியாருக்கு மாற்ற இயலாது என்றும், அப்பகுதியில் வாழ்வோருக்கு இதனை எதிர்த்து முறையிடும் உரிமை உண்டு என்றும் தெளிவுபடுத்தியது. நாடெங்கும் பூங்கா நிலம் பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது.

எனினும் நிலத்தின் மீதான நெருக்கடி ஓயவில்லை. பூங்கா நிலத்துக்குச் சந்தையில் விலை குறிக்கப்படுவதில்லை. எனவே வேறொரு பொதுப்பணிக்கு இடம் தேவைப்படும்போது, செலவில்லாமல் கிடைக்கும் நிலமாக அது தோற்றமளிக்கிறது. 2009-இல் மெட்ரோ இரயில் பாதைக்காக லால்பாக்கின் ஓரத்தில் ஒரு பகுதி எடுக்கப்பட்டபோதும், 2025-இல் சுரங்கச் சாலைத் திட்டம் லால்பாக்கைத் தொடக்கூடும் என்ற செய்தி பரவியபோதும் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மெட்ரோவும் தேவையே, பூங்காவும் தேவையே. ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கும்போது, இழப்பின் மதிப்பைக் கணக்கிட்டுத் திட்டச் செலவில் சேர்க்கும் முறை இருந்திருப்பின், மாற்று வழிகள் தொடக்கத்திலேயே ஆராயப்பட்டிருக்கும்.

அமைக்கும் பணமும் பேணும் பணமும்

அடுத்து வருவது நிதி. இதில் இருவகைச் செலவுகளை வேறுபடுத்திக் காண வேண்டும். மதிற்சுவர், நடைபாதை, விளக்குகள், இருக்கைகள், விளையாட்டுச் சாதனங்கள் ஆகியவற்றுக்கு ஒரே முறை ஆகும் செலவு மூலதனச் செலவு. தோட்டப் பணியாளர் கூலி, நீர், மின்சாரம், பழுது நீக்கம், காவல் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு பராமரிப்புச் செலவு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு சிறு பூங்காவை ஒரு கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிப்பதாகவும், அதன் பராமரிப்புக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் தேவைப்படுவதாகவும் வைத்துக்கொண்டால், விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலேயே பத்தாண்டுகளில் பராமரிப்புச் செலவு மூலதனத்திற்குச் சமமாகிவிடுகிறது. பூங்காவின் ஆயுளோ பத்தாண்டுடன் முடிவதன்று. புதுப்பிக்க முடிவு செய்யும் நாளிலேயே இந்த இரண்டாவது கோடியையும் ஏற்றுக்கொள்கிறோம் என்பதே இதன் பொருள். ஆனால் நிருவாக ஒப்புதலுக்கு வரும் மதிப்பீட்டில் முதல் கோடி மட்டுமே காணப்படும்.

நமது நிதி ஏற்பாடுகள் யாவும் முதல் வகைச் செலவின் பக்கமே சாய்ந்திருக்கின்றன. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்தில், குழந்தைகளுக்கு ஏற்ற வசதிகளுடன் கூடிய பசுமைவெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் அதிக அளவாக ஒதுக்கீட்டில் 2.5 சதவீதம் செலவிடலாம் என வகுக்கப்பட்டது. அதே மாதத்தில் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் திட்டத்தில் பெங்களூரு 2017-இல் இடம்பெற்றது. ஒரு நகருக்கு மத்திய அரசு ரூ. 500 கோடி வரை அளிப்பது, அதற்கு ஈடான தொகையை மாநிலமும் உள்ளாட்சியும் அளிப்பது என்பது ஏற்பாடு. இதன் கீழ் கப்பன் பூங்காவிலும் நடைபாதைகள், ஜவாஹர் பால பவன் ஆகியவற்றின் மேம்பாட்டுப் பணிகள் நடைபெற்றன. 2025-ஆம் ஆண்டு மார்ச் 31-உடன் அத்திட்டம் நிறைவுற்றது. அமைத்தவற்றைப் பேணும் பொறுப்பு, வழக்கம்போல் நிரந்தர அமைப்புகளின் வரவு செலவுக் கணக்கில் வந்து சேர்ந்தது.

தனியார் துறையிலிருந்தும் பணம் வருகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பெங்களூருவுக்கு இது ஒரு வாய்ப்பே. ஆனால் 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தொடர்பணி என ஏற்கப்படுவது, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. மூன்றாண்டுப் பணத்தைக் கொண்டு முப்பதாண்டு மரத்தை வளர்க்க இயலாது. மேலும், நிறுவனங்கள் தம் அலுவலகத்துக்கு அருகிலும் பலர் கண்ணில் படும் இடத்திலும் உள்ள பூங்காவைத் தத்தெடுக்க விரும்புவது இயல்பு. ஒதுக்குப்புறத்துப் பூங்காவுக்கு அத்தகைய புரவலர் கிடைப்பது அரிது.

எஞ்சியிருப்பது சொத்துவரி. அதுவே நிலையான வருவாய். ஆனால் அதன் மீது திடக்கழிவு அகற்றல், சாலைப் பழுது, ஊதியம், ஓய்வூதியம் எனப் பல சுமைகள் உள்ளன. நிதி நெருக்கடி ஏற்படும் ஆண்டில் முதலில் குறைக்கப்படுவது பூங்காப் பராமரிப்பே. குப்பை அள்ளப்படாவிட்டால் மறுநாளே கூக்குரல் எழும். மரத்துக்கு எருவிடாவிட்டால் மூன்றாண்டுகள் கழித்தே இலை வெளிறும்.

இதனுடன் ஒப்பந்த முறையின் குறைபாடும் சேர்கிறது. பராமரிப்புப் பணி பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களின் வாயிலாக நடைபெறுகிறது. ஓர் ஒப்பந்தம் முடிந்து மறு ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படும் வரை ஓர் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளி கோடைக்காலத்தில் நேர்ந்தால் ஈராண்டு நட்ட செடிகள் ஒரே பருவத்தில் கருகிவிடும். பட்டியல் தொகை நிலுவையானால் ஒப்பந்தக்காரர் ஆட்குறைப்புச் செய்கிறார். மண்ணையும் மரத்தையும் அறிந்த தோட்டப் பணியாளர் நிலையான வேலையின்றி வெளியேறிவிடுகிறார். அவரோடு, அப்பூங்காவைப் பற்றி அவர் பெற்றிருந்த அறிவும் வெளியேறிவிடுகிறது.

கல்லும் மண்ணும்

பணம் கிடைக்கும் முறையே பூங்காவின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது என்பது பலரும் கவனியாத உண்மை. அரசுப் பணிகளில் தொகை வழங்குவதற்கு அளவுப் புத்தகமே ஆதாரம். பதிக்கப்பட்ட கல் எத்தனை சதுர மீட்டர், எழுப்பப்பட்ட சுவர் எத்தனை கன மீட்டர், நிறுவப்பட்ட விளக்குக் கம்பம் எத்தனை என்று எளிதில் அளந்து எழுதலாம். மண்ணின் வளம் எவ்வளவு கூடிற்று, நிழல் எவ்வளவு பரவிற்று, பறவை எத்தனை வந்தது என்று அளந்து எழுத இயலாது. நிதியாண்டு மார்ச் மாதத்தில் முடிகிறது; மரம் நடும் பருவமோ மழைக்காலத்தில் வருகிறது. எனவே ஆண்டிறுதிக்குள் செலவிட வேண்டிய தொகை, மண்ணை விட்டுக் கல்லைத் தேடிச் செல்கிறது.

இதன் விளைவாகப் புதுப்பிக்கப்படும் பூங்காக்கள் ஒன்று போல மற்றொன்று ஆகிவிடுகின்றன. அகன்ற கல் நடைபாதை, இரும்பு வேலி, செயற்கை நீரூற்று, உடற்பயிற்சிச் சாதனங்கள் ஆகியவையே எங்கும் காணப்படுகின்றன. கல் பாவிய தரை வெப்பத்தை உமிழ்கிறது. மழைநீரை மண்ணுள் விடாமல் வடிகாலுக்கு அனுப்புகிறது. மரத்தின் வேர்களை நெருக்குகிறது. கப்பன் பூங்காவில் பொலிவுறு நகரப் பணிகள் நடைபெற்றபோது அங்கு நாள்தோறும் நடப்பவர்கள் எழுப்பிய ஆட்சேபமும் இதுவே. பூங்கா மேம்பட வேண்டும் என்பதில் அவர்கள் மாறுபடவில்லை. கற்காரை மிகுவதையே எதிர்த்தனர்.

மாறாக, பழையதொரு கட்டடத்தைத் தேர்ந்த வடிவமைப்பினால் பொது இடமாக்கியதற்கும் பெங்களூருவிலேயே உதாரணம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் தேசியத் தலைவர்கள் பலர் அடைக்கப்பட்டிருந்த பழைய மத்தியச் சிறை, வடிவமைப்புப் போட்டி ஒன்றின் வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டப்படி சுதந்திரப் பூங்காவாக மாற்றப்பட்டு 2008-இல் திறக்கப்பட்டது. சிறைச் சுவர்களும் கண்காணிப்புக் கோபுரமும் நினைவுச் சின்னங்களாய் நின்றன; மக்கள் கூடிக் குரலெழுப்பும் இடமாகவும் அது அமைந்தது. இடத்தின் வரலாற்றிலிருந்து திட்டம் பிறக்கும்போது பூங்காவுக்குத் தனித்தன்மை கிட்டுகிறது.

நீர் எங்கிருந்து?

பெங்களூருவுக்குக் குடிநீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டு வருகிறது. அத்தகைய நீரைப் புல்தரைக்குப் பாய்ச்சுவது எவ்வகையிலும் நியாயமாகாது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது, தோட்டங்களுக்கும் வாகனங்களைக் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்துவதைக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறுவோருக்கு ரூ. 5,000 அபராதம் விதித்தது. ஆழ்துளைக் கிணறு ஒன்றை மட்டும் நம்பிப் புல்தரை வளர்த்த பூங்காக்களின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது.

ஆயினும் இந்நகரின் ஆண்டு மழையளவு சுமார் 970 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் பூங்காவின் மேல் ஓராண்டில் விழும் மழைநீர் ஏறத்தாழ 39 இலட்சம் லிட்டர் எனக் கணக்கிடலாம். இதில் ஒரு பகுதியையேனும் மண்ணில் இறக்கினால் பூங்கா, நீரை உண்ணும் இடம் என்ற நிலை மாறி, நீரைத் தரும் இடமாகிவிடும். கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழைய திறந்தவெளிக் கிணறுகள் தூர்வாரப்பட்டன. மழைநீர் ஊடுருவதற்கான புதிய கிணறுகளும் தோண்டப்பட்டன. தன்னார்வ அமைப்புகளின் முயற்சியில், தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டும் மண்ணு வட்டர் சமூகத்தினரே இப்பணியைச் செய்தனர். பெரும் பொருட்செலவு இன்றியே பழைய கிணறுகளில் மீண்டும் நீர் ஊறியது. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பெரிய பூங்காக்களுக்கு அளிக்கும் ஏற்பாடும் இந்நகரில் உண்டு. புனரமைப்புக்கான மதிப்பீட்டில் நீரூற்றுக்கு முன்னதாகக் கிணறு இடம்பெற வேண்டும் என்பதே இவ்வனுபவம் கற்பிக்கும் பாடம்.

யாருக்குப் பூங்கா?

நகர்ப்புறத் திட்டமிடலுக்கென 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை திறந்தவெளி இருப்பது விரும்பத்தக்கது என்கின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 84 இலட்சம். குறைந்த அளவான 10 சதுர மீட்டரைக் கொண்டு கணக்கிட்டாலும் 84 சதுர கிலோமீட்டர் தேவை. அதாவது மாநகராட்சிப் பரப்பில் ஏறத்தாழ 12 சதவீதம். கட்டி முடிக்கப்பட்ட நகருக்குள் இவ்வளவு நிலத்தைப் புதிதாகத் தேடுவது இயலாத காரியம். ஆகவே இருப்பதை நன்கு பயன்படுத்துவதும், விரிவடையும் பகுதிகளில் முன்கூட்டியே ஒதுக்குவதும் இன்றியமையாதன.

ஆனால் விரிவடையும் பகுதிகளிலேயே குறை மிகுதி. ஜெயநகர், மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதிகளில் பூங்காக்கள் உள்ளன. 2007-இல் மாநகராட்சியுடன் ஏழு நகரசபைகளும், ஒரு பேரூராட்சியும், 110 கிராமங்களும் இணைக்கப்பட்டன. இப்புறநகர்ப் பகுதிகளில் பல, முறையான அங்கீகாரமின்றி விளைநிலங்களைத் துண்டாக்கி விற்ற மனைப்பிரிவுகளால் உருவானவை. அங்கு பூங்காவுக்கென நிலம் விடப்படவே இல்லை. புனரமைப்புக்கு நிதி ஒதுக்கும்போது, ஏற்கெனவே பூங்கா உள்ள பகுதிகளுக்கே அது மீண்டும் செல்கிறது. இல்லாத பகுதி இல்லாததாகவே இருந்துவிடுகிறது.

இக்கிராமங்களில் முன்பு வேறொரு வகைப் பொதுவெளி இருந்தது. ‘குண்டுதோப்பு’ எனக் கன்னட நாட்டில் வழங்கும் ஊர்ப் பொதுத்தோப்புகளில் மா, பலா, புளி, நாவல் ஆகிய மரங்கள் நின்றன. ஊர்மக்கள் நிழலுக்கும், கனிக்கும், சுள்ளிக்கும், கால்நடைக்கும், திருவிழாவுக்கும் அவற்றைப் பயன்படுத்தினர். நகரம் பரவியபோது பல தோப்புகள் பேருந்து நிலையங்களாகவும் கட்டடங்களாகவும் மாறின. எஞ்சிய சில, வேலியிட்ட பூங்காக்களாயின. வேலி மரத்தைக் காத்தது. ஆனால் அதன் கீழ் வாழ்க்கை நடத்திய எளியோரை வெளியே நிறுத்தியது.

நேர வரம்பும் இத்தகையதே. காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டும் திறந்திருந்த மாநகராட்சிப் பூங்காக்கள், நடைப்பயிற்சி செய்வோருக்குப் பயன்பட்டனவேயன்றி, நண்பகலில் நிழல் தேடும் ஆட்டோ ஓட்டுநருக்கும், வீடுவீடாகப் பொருள் கொண்டு செல்லும் இளைஞருக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் மூடியே கிடந்தன. பின்னர் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை பூங்காக்களைத் திறந்து வைக்க எடுக்கப்பட்ட முடிவு, எந்தப் பெரும் செலவுமின்றிப் பூங்காவின் பயனைப் பன்மடங்காக்கக்கூடியது. நிதி இல்லாவிடினும் திட்டமிடலால் சாதிக்கத்தக்கவை உண்டு என்பதற்கு இது சான்று.

பிற நகரங்களின் அனுபவம்

பராமரிப்புச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரின் மத்தியப் பூங்கா 1970-களில் மிகவும் சீர்கெட்டுக் கிடந்தது. 1980-இல் குடிமக்கள் அமைப்பு ஒன்று தோன்றி நன்கொடை திரட்டியது. 1998 முதல் நகர நிருவாகத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் 843 ஏக்கர் பூங்காவைப் பேணி வருகிறது. நிலமும் கொள்கையும் நகரத்திடமே உள்ளன. ஆனால் செல்வர் வாழும் பகுதியின் பூங்காவுக்குக் கிட்டிய இந்நல்வாய்ப்பு, ஏழைகள் வாழும் பகுதிகளின் பூங்காக்களுக்குக் கிட்டவில்லை என்ற குறையும் அங்கு எழுந்தது.

பிரிட்டனில் 1996 முதல் தேசியப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து பழம்பெரும் பூங்காக்கள் புதுப்பிக்கப்பட்டன. மானியம் பெற விரும்பும் உள்ளாட்சி, பத்தாண்டு மேலாண்மை, பராமரிப்புத் திட்டம் ஒன்றை முன்வைக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பின்னர் உள்ளாட்சிகளின் நிதி சுருங்கியபோது, புதுப்பித்த பூங்காக்கள் மீண்டும் நலிவடையும் அபாயத்தை அந்நாட்டு நாடாளுமன்றக் குழு 2017-இல் சுட்டிக்காட்டியது.

நம் நாட்டில், சென்னையில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் அமைந்து 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, சீர்குலைந்த நீர்நிலையை மீட்பதையே நோக்கமாகக் கொண்டது. அதற்கெனத் தனி அறக்கட்டளை ஒன்று பொறுப்பேற்றதால் அமைத்த பின்னரும் கவனிப்பு தொடர்ந்தது. பொறுப்பாளர் யார் என்பது தெளிவாக இருக்கும்போது பூங்கா பிழைக்கிறது என்பதே இவ்வனுபவங்கள் அனைத்துக்கும் பொதுவான உண்மை.

செய்யத்தக்கவை

பெங்களூருவில் பூங்காவின் நிலம் ஓர் அமைப்பிடமும், பராமரிப்பு மற்றொன்றிடமும், நீர் குடிநீர் வாரியத்திடமும், விளக்குக்கான மின்சாரம் மின் விநியோக நிறுவனத்திடமும், ஏரிக்கரைப் பூங்காவாயின் ஏரி வேறொரு பிரிவிடமும் உள்ளன. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின்னர், வட்டாரப் பூங்காவுக்காகக் குரல் கொடுக்க மாமன்ற உறுப்பினர் இல்லாமலேயே ஆண்டுகள் பல கழிந்தன. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருநகர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் அமைக்கப்பட்டன. வரி திரட்டும் ஆற்றல் ஐந்துக்கும் ஒரே அளவினதாய் இராது. எனவே பூங்காவுக்கான நிதியைப் பகிர்ந்தளிக்கும் முறையை இத்தருணத்திலேயே வகுத்துக்கொள்வது நலம்.

இதற்குச் சில வழிகளைக் குறிப்பிடலாம்.

முதலாவதாக, எந்தப் பூங்காவின் புனரமைப்பு மதிப்பீட்டிலும் பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும், அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதும் குறிக்கப்படாவிடின் ஒப்புதல் அளிக்கலாகாது.

இரண்டாவதாக, மூலதனமாகக் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை வைப்பு நிதியாக ஒதுக்கி, அதன் வட்டியைப் பராமரிப்புக்கு மட்டும் பயன்படுத்தலாம். சமூகப் பொறுப்பு நிதி, கட்டட அனுமதிக் கட்டணம், மரம் வெட்டும் திட்டங்களிலிருந்து பெறும் இழப்பீடு ஆகியவற்றையும் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்து, பூங்கா குறைந்த வட்டாரங்களுக்கு முன்னுரிமை தந்து பகிர்ந்தளிக்கலாம். இவ்வாறு செய்யின் புரவலர் இல்லாத பூங்காவும் பேணப்படும்.

மூன்றாவதாக, பராமரிப்பு ஒப்பந்தங்களை மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்து, பதித்த கல்லின் அளவுக்கன்றி, உயிர் பிழைத்த மரங்களின் எண்ணிக்கைக்கும் பூங்காவின் நிலைக்கும் ஏற்பத் தொகை வழங்கலாம். தோட்டப் பணியாளருக்கு நிலையான வேலையும் பயிற்சியும் கிடைக்க இது வழிவகுக்கும்.

நான்காவதாக, நகரின் பூங்காக்கள், திறந்தவெளிகள் அனைத்தையும் எல்லையளந்து, வரைபடத்துடன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எல்லை தெரியாத நிலத்தைச் சட்டமும் காக்க இயலாது.

ஐந்தாவதாக, திட்டம் வரையும் முன்னர் அப்பூங்காவை யார் யார், எந்த நேரத்தில் பயன்படுத்துகின்றனர் என்பதை நேரில் கண்டறிய வேண்டும். குடியிருப்போர் சங்கங்களின் கருத்து மதிப்பு மிக்கது. எனினும் சங்கத்தில் இடம்பெறாத வாடகைக் குடித்தனக்காரர், தெரு வணிகர், தொழிலாளர் ஆகியோரின் தேவையும் கேட்டறியப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருந்தொகை வேண்டுவதன்று. புதிய நிதியைத் தேடுவதைக் காட்டிலும் இருக்கும் நிதியின் போக்கை மாற்றுவதே இங்குள்ள முதன்மைப் பணி. பூங்காவைத் திறந்து வைப்பது ஒரு நாள் விழா. பேணுவது நாள்தோறும் நடைபெற வேண்டிய கடமை. கப்பன் பூங்காவில் இன்று நாம் அமரும் நிழல், நம் காலத்தில் நட்டதன்று. நட்டவர்களும், நீரூற்றிய பணியாளர்களும், ஆண்டுதோறும் அதற்குப் பணம் ஒதுக்கிய நிருவாகங்களும் சேர்ந்து நமக்கு விட்டுச் சென்றது. அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்வது நிழலாக இருக்க வேண்டுமாயின், வரவு செலவுத் திட்டத்தில் ‘பராமரிப்பு’ என்னும் தலைப்பின் கீழ் எழுதப்படும் தொகையை ஆண்டுதோறும் தவறாது உறுதிப்படுத்துவதிலிருந்து நம் பணி தொடங்க வேண்டும்.